தாய்வழி வந்த குருதி

குருதி உறைவதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பதாலோ அறவே இல்லாததாலோ வருவது ஹீமோஃபிலியா. குறைவது எட்டாம் காரணி என்றால் ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாம் காரணி என்றால் ஹீமோஃபிலியா பி. நோயாளிகளின் வீடுகளில் ஃபாக்டர் எட்டு, ஃபாக்டர் ஒன்பது என்றே சொல்கிறார்கள். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு ஏ வகையும், 25,000 முதல் 30,000 பேரில் ஒருவருக்கு பி வகையும் இருக்கின்றன. எந்த நாட்டிலும் எந்தச் சமூகத்திலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. இது தொற்றுவதில்லை, உணவாலோ வளர்ப்பாலோ வருவதில்லை. தாயின் வழியாக மகனுக்கு வருகிறது என்பதுதான் இதைப் பற்றிப் பலரும் அறிந்த ஒரே செய்தி. அந்தச் செய்தி பாதி உண்மை. அறியப்படாத மறுபாதி, தலைமுறை தலைமுறையாகப் பல தாய்மார்களின் தலையில் வேண்டாத பழியாக இறங்கியிருக்கிறது.

ரத்தக்குழாய் அறுபட்டதும் முதலில் வந்து சேர்பவை தட்டணுக்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழிசலை அடைக்கின்றன. ஹீமோஃபிலியா உள்ளவருக்கும் தட்டணுக்கள் சரியாகவே வேலை செய்கின்றன. ஆகவே சவரம் செய்யும்போது படும் கீறல் மற்றவர்களுக்கு நிற்பதுபோலவே அவருக்கும் நின்றுவிடும். சின்னக் கீறலில் உயிர் போய்விடும் என்பது கதைகளும் சினிமாவும் பரப்பிய பயம். ஆனால் தட்டணுக்களின் அடைப்பு தற்காலிகமானது. அதன்மேல் ஃபைப்ரின் என்னும் நார்ப்புரதம் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டால்தான் அது நிலைக்கும். ஃபைப்ரின் உருவாக த்ராம்பின் வேண்டும். த்ராம்பின் போதிய அளவில் உருவாக, பத்தாம் காரணி செயலூக்கம் பெற வேண்டும். அதைத் தூண்டுவது ஒன்பதாம் காரணி. எட்டாம் காரணி அதற்குத் துணை நிற்கிறது; அந்தத் துணை கிடைத்ததும் வினையின் வேகம் லட்சம் மடங்கு அளவில் ஏறிவிடுகிறது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் சங்கிலி தளர்ந்துபோகும். உருவாகும் உறைகட்டி மெலிந்து, சில மணி நேரத்தில் கரைந்துவிடும். பல் பிடுங்கிய அன்று ரத்தம் நின்றதுபோல் இருந்து, நள்ளிரவில் தலையணை நனைவது இதனால்தான். ரத்தம் வேகமாகக் கொட்டுவதில்லை; நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கிறது.

எவ்வளவு குறைவு என்பதில்தான் ஒருவரின் வாழ்க்கை அமைகிறது. நலமாக இருப்பவரின் காரணி அளவு 50 முதல் 150 சதவீதம் வரை இருக்கலாம். 5க்கு மேல் 40 வரை இருந்தால் லேசான ஹீமோஃபிலியா. அறுவைச் சிகிச்சையோ விபத்தோ நேரும்வரை நோய் இருப்பதே தெரியாமல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் உண்டு. 1 முதல் 5 வரை நடுத்தரம். 1 சதவீதத்துக்கும் கீழே போனால் கடுமையானது. அடிபடாமலேயே உள்ளே ரத்தம் கசியும், மாதத்தில் பல முறைகூட. 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவருக்கும் 2 சதவீதத்தில் இருப்பவருக்கும் எண்ணளவில் வித்தியாசம் அற்பம். நடையில், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில், முப்பது வயது முழங்காலில் அந்த வித்தியாசம் மலையளவு. பின்னாளில் வந்த தடுப்புச் சிகிச்சை இந்த ஓர் உண்மையின் மேல்தான் கட்டப்பட்டது.

கடுமையான நோய் குழந்தை தவழத் தொடங்கும்போது வெளிப்படுகிறது. முழங்காலிலும் நெற்றியிலும் நீலக் கன்றல்கள். தடுப்பூசி போட்ட தொடையில் கட்டியாக வீக்கம். பால் பல் முளைக்கையில் உதட்டுக்குள் விழுந்த கிழிசலில் நாள்கணக்கில் கசிவு. சுன்னத் செய்யும் சமூகங்களில் அதன் பிறகு நிற்காத ரத்தம். நடக்கத் தொடங்கியதும் நோய் மூட்டுகளுக்குப் போகிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூன்றும்தான் அதிகம் அடிபடுகின்றன. வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளே ஒரு குறுகுறுப்பும் லேசான சூடும் தோன்றும். வளர்ந்த நோயாளிகளுக்கு அது நன்றாகத் தெரியும். நான்கு வயதுச் சிறுவன்கூட "அம்மா, வருது" என்று சொல்லிவிடுவான். அந்த நேரத்தில் காரணியை ஏற்றினால் கசிவு நின்று, இரண்டொரு நாளில் மூட்டு பழையபடி ஆகிவிடும். தாமதித்தால் மூட்டுக்குள் ரத்தம் நிறைந்து, தோல் பளபளவென்று விறைத்து, கால் மடங்கியபடியே நின்றுவிடும். அந்த வலியைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

ஒருமுறை கசிந்த மூட்டு மறுபடி கசியும் என்பது இந்நோயின் கொடிய குணம். மூட்டின் உள்சவ்வு தேங்கிய ரத்தத்தை உறிஞ்சுகிறது. ரத்தத்திலுள்ள இரும்பு அதில் படிந்து, சவ்வு தடித்து, புதிய மெல்லிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவை எளிதில் உடைகின்றன. உடைந்து கசியும் ரத்தம் சவ்வை இன்னும் தடிக்கவைக்கிறது. இதற்கிடையே குருத்தெலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டே போகிறது. பதினைந்து வயதுக்குள் முழங்கால் நீட்ட முடியாமல் போனவர்கள் ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களில் பலருக்கு நோயின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. வாதம் என்றார்கள், சுளுக்கு என்றார்கள், எண்ணெய் தேய்த்து நீவினார்கள். ரத்தம் தேங்கிய மூட்டை நீவுவது கசிவைக் கூட்டுமே தவிர குறைக்காது. வலி தாங்காமல் வாங்கிக் கொடுத்த ஆஸ்பிரின் மாத்திரை, அதுவரை சரியாக இருந்த தட்டணுக்களின் வேலையையும் கெடுத்தது. பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் கூடாது. தசையில் ஊசி போடக் கூடாது. வீங்கிய மூட்டுக்கு ஓய்வும் பனிக்கட்டி ஒத்தடமும் வேண்டும். இவ்வளவு எளிய தகவல் வீடு வந்து சேராததால் எத்தனை கால்கள் மடங்கின என்பதற்குக் கணக்கு இல்லை.

மூட்டோடு நிற்பதும் இல்லை. இடுப்புக்குள் ஓடும் தசையில் கசிந்தால் குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணி வயிற்றைத் திறந்துவிடும் ஆபத்து உண்டு. மூளைக்குள் கசிவதுதான் உயிரைப் பறிப்பது. தலையில் அடிபட்டால் ஸ்கேன் எடுக்கக் காத்திராமல் முதலில் காரணியை ஏற்ற வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி.

நோயைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. உறைதல் நேரத்தை இரண்டு விதமாக அளக்கும் சோதனைகளில் ஏ.பி.டி.டி. நீண்டும், பி.டி. இயல்பாகவும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். எட்டாம், ஒன்பதாம் காரணிகளைத் தனித்தனியே அளந்தால் வகையும் தீவிரமும் தெரிந்துவிடும். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பையனின் தாய்மாமனுக்கு இப்படி வீங்குமா?

எட்டாம் காரணிக்கும் ஒன்பதாம் காரணிக்கும் உரிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஆணுக்கு ஒன்று. பெண்ணின் ஒரு எக்ஸில் பழுது இருந்தாலும் மற்றது ஓரளவு ஈடுகட்டும். ஆணுக்கு மாற்று இல்லை. மகன் தன் எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான். தந்தை அவனுக்குத் தருவது ஒய். ஆகவே ஹீமோஃபிலியா உள்ள ஆணின் மகன்கள் அவனிடமிருந்து இந்நோயைப் பெறுவதே இல்லை. அவனுடைய மகள்கள் அத்தனை பேரும், விலக்கின்றி, அதைச் சுமப்பவர்கள். சுமக்கும் பெண்ணின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தாயைப் போலவே சுமப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இரண்டாவதற்கு வராது என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு கருவுக்கும் வாய்ப்பு புதிதாகத் தொடங்குகிறது.

சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கலாம். ஹீமோஃபிலியாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் இது தவறு. நெருங்கிய உறவுத் திருமணத்தால் கூடும் நோய்கள் வேறு வகை; அவற்றுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். இங்கே மகனுக்கு நோய் வரத் தாயின் ஒரு எக்ஸ் போதும்; அவள் யாரைக் கட்டியிருந்தாலும் வாய்ப்பு ஒன்றுதான். நலமாக இருக்கும் தாய்மாமனைக் கட்டிய பெண்ணுக்கு, அயலாரைக் கட்டியிருந்தால் இருந்திருக்கக்கூடிய அபாயத்தைவிட ஒரு துளியும் கூடுவதில்லை.

கூடுவது மாப்பிள்ளைக்கே நோய் இருக்கும்போது. அவன் தன் அக்கா மகளைக் கட்டினால் நிலைமை வேறு. அவனுடைய நோய் தாயிடமிருந்து வந்தது என்றால் அக்கா சுமப்பவளாக இருக்கலாம், அக்கா மகளும் இருக்கலாம். அப்படி இருந்தால் பிறக்கும் பெண் குழந்தைக்குத் தந்தையின் பழுதான எக்ஸ் நிச்சயம் வரும். தாயின் பழுதான எக்ஸும் வந்து சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. இரண்டும் சேர்ந்தால் அவளுக்கு முழு ஹீமோஃபிலியா. முறைப் பெண்களிலும் வேறுபாடு உண்டு. நோயுள்ள இளைஞன் தன் தந்தையின் உடன்பிறந்தாள் மகளைக் கட்டுவதில் தனி அபாயம் எதுவும் இல்லை. அவனது எக்ஸ் தந்தைவழியில் வந்ததே அல்ல. மாமன் மகளைக் கட்டும்போது மாமனுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவர் மகள் ஐயத்துக்கு இடமின்றிச் சுமப்பவள். இல்லையென்றால் அவர் வழியில் கவலை இல்லை. அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று உறவை நுணுக்கமாகப் பிரித்து அறிந்த சமூகத்துக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கக்கூடியது. இதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை என்பதுதான் குறை.

தாயிடமிருந்து வருகிறது என்ற செய்தியின் பாதி இவ்வளவு. மறுபாதியை முதலில் கணக்காகப் போட்டுக் காட்டியவர் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1935இல் அவர் எழுப்பிய கேள்வி இது: ஹீமோஃபிலியா உள்ள ஆண்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் முன்பே இறந்துவிடுகிறார்கள், மொத்த எக்ஸ் குரோமோசோம்களில் மூன்றில் ஒன்று ஆண்களிடம் இருக்கிறது, அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் இந்நோயின் மரபணுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்துபோக வேண்டும். சில நூற்றாண்டுகளில் நோயே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. எனவே அழிவதற்குச் சமமாகப் புதிய பழுதுகள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. மனித மரபணு ஒன்று எத்தனை பிறப்புக்கு ஒருமுறை தானாக மாறுகிறது என்று முதன்முதலில் மதிப்பிடப்பட்டது இப்படித்தான்: 50,000க்கு ஒன்று என்ற அளவில். இதே ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் இறந்தார்.

அவர் கணக்கு இன்றும் நிற்கிறது. ஹீமோஃபிலியா குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் முன்பு யாருக்கும் நோய் இருந்ததில்லை. நோய் அந்தப் பிள்ளையோடு தொடங்குகிறது, அல்லது அவன் தாயோடு. 1947இல் ஹால்டேன் இன்னொன்றும் சொன்னார்: இப்படிப்பட்ட புதிய பழுதுகள் பெண்ணின் முட்டையைவிட ஆணின் விந்தணுவில்தான் அதிகம் நேர்கின்றன. மூலக்கூற்று ஆய்வு இதற்குத் துணைநின்றது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகைப் பழுது இருப்பது 1993இல் தெரியவந்தது. எட்டாம் காரணி மரபணுவின் ஒரு பகுதி அறுந்து, நூலைத் தைக்கும்போது ஒரு கட்டுப் பக்கங்கள் தலைகீழாகச் சேர்ந்துவிட்டதுபோல, திரும்பி ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்து எதுவும் தொலையவில்லை, வாசிக்கத்தான் முடியவில்லை. இது ஏறக்குறைய எப்போதும் ஆணின் விந்தணு உருவாகும்போதுதான் நேர்கிறது. பெண்ணில் இரண்டு எக்ஸும் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. ஆணில் இருக்கும் ஒற்றை எக்ஸ் இணையின்றித் தன்மேல் தானே மடிந்துகொள்ள இடம் இருக்கிறது.

ஆக, இதுவரை யாருக்கும் இல்லாத குடும்பத்தில் ஒரு பையனுக்கு இந்தப் பழுது வந்தால், அது பெரும்பாலும் அவன் தாய்வழித் தாத்தாவின் விந்தணுவில், அவன் தாய் கருவாவதற்கும் முன்பு நேர்ந்தது. தாத்தா நலமாக வாழ்ந்தார். அவருடைய மகளும் எதையும் அறியாமல் வளர்ந்தாள். பேரன் தவழும்போதுதான் வெளியே தெரிந்தது. மாமியார் வீட்டில் "உன் வீட்டு ரத்தம்" என்று சுட்டப்பட்ட பெண், தான் பிறப்பதற்கும் முந்தைய, யாரும் செய்யாத ஒரு பிசகின் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். இதில் குற்றவாளி இல்லை.

இந்த வழியை முதலில் கண்டுகொண்டவர்களும் தாய்மார்களே. யூதர்களின் தால்மூத் பதிவு ஒன்று, இரண்டாம் நூற்றாண்டில் கலிலேயாவின் செப்போரிஸ் நகரில் வாழ்ந்த நான்கு சகோதரிகளைப் பற்றிச் சொல்கிறது. மூத்தவள் மகனுக்கு விருத்தசேதனம் செய்தார்கள், இறந்தான். இரண்டாமவள் மகனும் மூன்றாமவள் மகனும் அப்படியே இறந்தார்கள். நான்காமவள் தன் பிள்ளையோடு யூதச் சட்ட அறிஞர் ரப்பான் சிமியோன் பென் கமாலியேலிடம் போனாள்; அவர் அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்றார். சகோதரிகளின் பிள்ளைகளை ஒரே கணக்கில் சேர்த்ததில் தாய்வழி என்ற அறிவு பதிந்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதை இன்னும் தெளிவாக்கினார்: ஒரே தாய்க்கு வேறு வேறு கணவர்கள் மூலம் பிறந்த பிள்ளைகளுக்கும் இந்த விலக்கு உண்டு. மருத்துவ உலகம் இந்த இடத்துக்கு வர 1803 ஆயிற்று. பிலடெல்பியாவின் ஜான் கான்ராட் ஓட்டோ, நியூ ஹாம்ப்ஷயரில் குடியேறிய ஒரு பெண்ணின் சந்ததியை ஆராய்ந்து, ஆண்கள் மட்டுமே ரத்தக் கசிவுக்கு ஆளாவதையும் நலமாயிருக்கும் பெண்களே அதைக் கடத்துவதையும் எழுதினார்.

பிரிட்டன் அரசி விக்டோரியாவின் குடும்பம் இந்நோயின் வரலாற்றில் அளவுக்கு மீறிப் பேசப்பட்டது. ஆனால் தாயின் மேல் விழும் பழியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் குடும்பமும் வேறில்லை. அவருக்கு முன் அந்த வம்சத்தில் நோயின் தடயம் கிடையாது. அவர் பிறந்த 1819இல் அவர் தந்தைக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பழுது அவரது விந்தணுவில் தோன்றியிருக்கலாம் என்றவர் ஹால்டேன்தான். விக்டோரியாவின் மகன் லியோபோல்டு 1884இல் தம் முப்பதாவது வயதில் வழுக்கி விழுந்து இறந்தார். மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் நோயைச் சுமந்து ஜெர்மன், ஸ்பானிய, ரஷ்ய அரண்மனைகளுக்குக் கொண்டுபோயினர். ஆலிஸின் மகள் அலெக்ஸாண்டிரா ரஷ்யப் பேரரசியானார். தாய்மாமன் லியோபோல்டு, இரண்டு வயதில் சன்னலிலிருந்து விழுந்து இறந்த அண்ணன், அக்கா ஐரீனின் பிள்ளைகள் என்று நோயை அவர் தம் குடும்பத்தில் கண்டிருந்தார். நான்கு பெண்களுக்குப் பின் 1904இல் பிறந்த பட்டத்து இளவரசன் அலெக்ஸிக்குத் தொப்புளில் ரத்தம் கசிந்தபோது அவருக்குப் புரிந்திருக்கும். நோய் அரச ரகசியமாக்கப்பட்டது. 1912 இலையுதிர் காலத்தில் போலந்தின் ஸ்பாலாவில் அலெக்ஸியின் தொடையிலும் இடுப்பிலும் ரத்தம் தேங்கி, இறக்கும் தறுவாயில் செய்யும் சமயச் சடங்கு வரை போயிற்று. குணப்படுத்த எதுவுமில்லாத அந்த இடைவெளியில்தான் சாமியார் ரஸ்புதீன் நுழைந்தார். தன்னால் வந்தது என்ற எண்ணத்தில் ஒரு தாய் தவித்ததை அக்கால ரஷ்யா மூடநம்பிக்கை என்றும் அந்நியச் சூழ்ச்சி என்றும் மட்டுமே பார்த்தது. 1918இல் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்ட அலெக்ஸியின் எலும்புகள் பின்னாளில் கிடைத்து, 2009இல் டி.என்.ஏ. ஆய்வு முடிவு வந்தது: ஒன்பதாம் காரணி மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அரச குடும்பத்து நோய், இரண்டில் அரிதான பி வகை.

சுமப்பவள் என்ற சொல்லுக்குள் மறைந்துபோனது பெண்ணின் சொந்த நோய். பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடுகிறது என்று 1961இல் மரபியலாளர் மேரி லையன் முன்வைத்தார். எது அணையும் என்பது கருவின் தொடக்க நாள்களில் தற்செயலாக நடப்பது. பெரும்பாலான பெண்களுக்குப் பாதிக்குப் பாதி அமைந்து காரணி அளவு சராசரியாக 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நல்ல எக்ஸ் அதிகமாக அணைந்துபோனவர்களுக்கு அளவு சரியும். சுமப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது 40 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. ஓர் ஆணுக்கு அந்த அளவு இருந்தால் லேசான ஹீமோஃபிலியா என்று எழுதுவார்கள். அவளுக்கு மாதவிலக்கு பத்து நாள் ஓடும், ரத்தசோகை நீங்காது, பிரசவத்துக்குப் பின் நிற்காமல் போகும். "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று அவளும் ஏற்றுக்கொள்வாள். இப்பெண்களையும் ஹீமோஃபிலியா உள்ளவர்கள் என்றே பதிய வேண்டும் என்னும் சர்வதேச வகைப்பாடு 2021இல்தான் வந்தது. மகனுக்கு நோய் உறுதியான அன்றே தாயின் காரணியையும் அளப்பது செலவு குறைந்த, எளிய காரியம். அது வழக்கமாக வேண்டும். அவளது அடுத்த பிரசவத்தில் குழந்தையின் தலையை ஆயுதத்தாலோ உறிஞ்சு கருவியாலோ இழுக்காமல் தவிர்க்கவும் அது உதவும்.

சிகிச்சையின் கதை ரத்தத்திலிருந்தே தொடங்குகிறது. 1840இல் லண்டனில் சாமுவேல் லேன், மாறுகண் அறுவைக்குப் பின் ரத்தம் நிற்காத பதினொரு வயதுச் சிறுவனுக்கு முழு ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார். ஏன் பலித்தது என்று தெரியவில்லை. நூறாண்டுக் காலம் வழி திறக்கவும் இல்லை. அந்த இடைவெளியில் பயன்பட்டவற்றில் ஒன்று கண்ணாடி விரியனின் நஞ்சு. சோழமண்டலக் கரையில் பாம்புகளை ஆராய்ந்த பேட்ரிக் ரஸ்ஸலின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் அதே பாம்பு. 1934இல் மேக்ஃபார்லேனும் பார்னெட்டும் அதன் நஞ்சைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து பல் பிடுங்கிய குழியில் வைத்தபோது ரத்தம் நின்றது. நஞ்சு பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டுகிறது. எட்டும் ஒன்பதும் இல்லாமலே சங்கிலி தொடர்கிறது. மேற்பூச்சாக மட்டுமே பயன்படும் மருந்து அது. மூட்டுக்குள் கசிவதை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1937இல் ஹார்வர்டில் பாடெக்கும் டெய்லரும் நலமானவர் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த புரதம் உறைதலைச் சீராக்குவதைக் காட்டினர். 1947இல் புவெனஸ் அயர்ஸில் பாவ்லோவ்ஸ்கி, ஒரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தம் இன்னொரு ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தத்தைச் சரிசெய்யக் கண்டார். நோய் இரண்டு என்பதற்கு அதுவே முதல் சாட்சி. 1952இல் ஆக்ஸ்ஃபோர்டில் அது உறுதியாயிற்று. பெரிய திருப்பத்தைத் தந்தவர் ஜூடித் பூல். 1964இல் ஸ்டான்ஃபோர்டில் அவர், உறைந்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல இளகவிட்டால் அடியில் தங்கும் மண்டியில் எட்டாம் காரணி செறிந்திருப்பதைக் கண்டார். கிரையோ என்று இன்றும் ரத்த வங்கிகளில் கேட்கும் சொல் அதுதான். எந்த ரத்த வங்கியும் செய்துகொள்ளக்கூடியது. அடுத்து வந்தது தூளாக்கிய செறிவூட்டு. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, தாயோ பிள்ளையோ தாங்களே ஏற்றிக்கொள்ளலாம். முதன்முறையாக இந்தப் பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போனார்கள், வேலைக்குப் போனார்கள்.

அந்தச் சுதந்திரத்தின் விலை கொடியது. ஒரு குப்பி மருந்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மா ஒன்றாகக் கலக்கப்பட்டிருந்தது. பணத்துக்காகப் பிளாஸ்மா கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு. ஒருவரிடம் வைரஸ் இருந்தால் அந்தத் தொகுதி முழுவதும் நஞ்சு. 1982 ஜூலையில் அமெரிக்காவில் மூன்று ஹீமோஃபிலியா நோயாளிகளிடம் எய்ட்ஸ் அறிகுறிகள் பதிவாயின. சூடேற்றி வைரஸை அழிக்கும் முறை பரவலாகும் முன் அமெரிக்காவின் ஹீமோஃபிலியா நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. தொற்றிவிட்டது. பிரிட்டனில் சுமார் 1,250 பேருக்குத் தொற்றியது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் இறந்தார்கள். அபாயம் தெரிந்த பிறகும் மருந்து தொடர்ந்ததையும் உண்மை மறைக்கப்பட்டதையும் 2024 மே மாதம் வெளியான பிரிட்டனின் விசாரணை அறிக்கை ஒளிவுமறைவின்றிச் சொல்லியது. தன் கையால் மகனுக்கு ஊசி ஏற்றிய தாய்மார்களுக்கு இரண்டாவது முறையாக ஒரு பழி வந்து சேர்ந்தது. இம்முறையும் அது அவர்களுடையதல்ல.

1984இல் எட்டாம் காரணியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 1992 முதல் மனித ரத்தத்தைச் சாராமல் ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலிருந்து காரணி கிடைத்தது. ஸ்வீடனில் இங்கா மேரி நில்சன் 1950களின் இறுதியிலேயே தொடங்கிய முறை உலக வழக்கமாயிற்று: கசிந்த பின் ஏற்றாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முன்கூட்டியே ஏற்றிக் காரணியை 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பது. எட்டாம் காரணி ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகிறது. ஆகவே பிஞ்சு நரம்புகளில் ஓயாமல் ஊசி. கடுமையான ஏ வகையில் நான்கில் ஒருவருக்கு மேல், உடல் அந்தக் காரணியையே அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். அதன்பின் மருந்து பலிக்காது. இந்த இரண்டு துன்பத்துக்கும் விடையாக வந்தது எமிசிசுமாப். எட்டாம் காரணியைப் போல் உருவமே இல்லாத எதிர்ப்பொருள் அது. ஒரு கையால் ஒன்பதாம் காரணியையும் மறு கையால் பத்தாம் காரணியையும் பிடித்து அருகருகே நிறுத்துகிறது. தோலுக்கடியில் வாரத்துக்கு ஒன்றோ மாதத்துக்கு ஒன்றோ போதும். 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இந்தியாவில் நோயாளிகள் தாங்களே திரண்டுதான் மருந்தைப் பெற்றார்கள். இந்திய ஹீமோஃபிலியா கூட்டமைப்பு 1983இல் தில்லியில் ஒரு நோயாளியின் முயற்சியால் தோன்றியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபிலியாவையும் தன் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசம். இருந்தும், இருக்க வேண்டிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் நாட்டில் கண்டறியப்பட்டவர்கள் சிறுபான்மையே. மலைக் கிராமத்தில் இரவு பத்து மணிக்கு வீங்கத் தொடங்கும் முழங்காலுக்கும் மாவட்டத் தலைநகரில் இருக்கும் குப்பிக்கும் நடுவில் கடைசிப் பேருந்து போய்விட்ட சாலை கிடக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டிய மருந்து வீட்டிலேயே இருப்பதுதான் முறை.

மரபணு சிகிச்சை 2022 முதல் மேலை நாடுகளில் விற்பனைக்கு வந்தது. தீங்கற்ற வைரஸ் ஒன்றில் நல்ல மரபணுவை ஏற்றிக் கல்லீரலுக்கு அனுப்புவது முறை. ஹீமோஃபிலியா பி-க்கான மருந்தின் விலை 35 லட்சம் டாலர். ஏ-க்கான மருந்தில் காரணி அளவு ஆண்டுகள் செல்லச் செல்ல இறங்குகிறது; அந்த வைரஸுக்கு முன்பே எதிர்ப்பு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கவும் முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வேறு வழியில் போயிற்று. நோயாளியின் ரத்த மூல உயிரணுக்களையே வெளியில் எடுத்து, லென்டிவைரஸ் கொண்டு எட்டாம் காரணி மரபணுவை அவற்றில் பதித்து, எலும்பு மச்சையை மருந்தால் காலிசெய்தபின் திரும்ப ஏற்றினார்கள். அலோக் ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும் 2024 டிசம்பரில் வெளியிட்ட முடிவில் 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து ஆண்கள் இருந்தார்கள். அனைவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ரத்தக் கசிவு ஒன்றுகூட இல்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண். எத்தனை ஆண்டு நிலைக்கும், மச்சையைக் காலிசெய்யும் மருந்தின் பின்விளைவு என்ன என்பதையெல்லாம் காலம்தான் காட்ட வேண்டும். ஆனாலும் கடுமையான ஹீமோஃபிலியா உள்ளவர்கள் மாதக்கணக்கில் ஊசியே இல்லாமல் இருந்தார்கள்.

இந்தச் சிகிச்சைகள் கல்லீரலையோ ரத்த அணுக்களையோ மாற்றுகின்றன, விந்தணுவைத் தொடுவதில்லை. குணமடைந்தவரின் எக்ஸில் பழுது அப்படியேதான் இருக்கும். அவருடைய மகன்களுக்கு நோய் வராது. மகள்கள் எல்லோரும் சுமப்பவர்கள். அவர்களுடைய காரணி அளவைச் சிறு வயதிலேயே பார்த்து வைக்க வேண்டும், பூப்பெய்தும் முன்பே. பின்னர் அவர்கள் கருவுற்றால் பதினோராவது வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து சோதித்து அறிய முடியும். அதற்குக் குடும்பத்தின் பழுது எது என்று முன்பே கண்டு எழுதி வைத்திருக்க வேண்டும். தந்தையின் ரத்தம் ஒரு குழாய் இருந்தால் போதும்.